தொட்டி விளிம்பு

பாத் டப் என்ற சொல்லுக்குச் சினிமா நமக்கு ஒரு படம் கொடுத்திருக்கிறது. வெள்ளைப் பீங்கான், நிறைய சோப்பு நுரை, அதற்குள் படுத்தபடி ஒருவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்து வீடுகளின் பாத்ரூமில் இருப்பது வேறு. செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டிய தண்ணீர்த் தொட்டி. அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. இறங்கிய பிள்ளைகள் அடி வாங்கியிருக்கிறார்கள். தொட்டிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். குளிப்பதை இங்கே பழைய ஆட்கள் 'தண்ணி வாத்துக்கறது' என்றுதான் சொல்வார்கள். குளிக்கப் போகிறேன் என்று சொன்னால் கிணற்றுக்கோ ஏரிக்கோ போவதாக அர்த்தம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அரூர் ரோடு பிரிகிற இடத்தில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து திரும்புகிற வழியில் ராமர் இங்கே தங்கிப் பட்டம் கட்டிக்கொண்டார் என்பது ஊர்ச்சொல். அதற்குச் சாட்சியாகக் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. அம்மா இதைத் தன் வசதிக்கு ஏற்ப எடுத்துக்கொள்வாள். "பட்டாபிசேகம்னா என்ன? தலைல தண்ணி ஊத்தறதுதான? ராமனுக்கே இந்த ஊர்ல தண்ணி வாத்துத்தான் அனுப்புனாங்க" என்பாள். அன்றைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் வீடு 1991-ல் கட்டியது. அதற்கு முன்னால் இருந்த ஓட்டு வீட்டில் குளியலறை கிடையாது. பொடக்காலியில் ஒரு கல், ஓலைத் தட்டி, பக்கத்தில் வெந்நீர் அண்டா, அவ்வளவுதான். புது வீட்டில் அப்பா ஆசைப்பட்டுச் செய்த ஆடம்பரம் இந்தத் தொட்டியும் அதைச் சுற்றி ஒட்டிய ஆறங்குல வெள்ளை டைல்ஸும். மேல் வரிசையில் மட்டும் நீலப் பூப் போட்டது. தொட்டியின் உள்ளளவு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். நிரப்பினால் ஏறக்குறைய 700 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் கணக்குப் போட்டால் நாற்பத்தைந்து குடத்துக்கு மேல்.

இவ்வளவு தண்ணீரை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரி. ஸ்டான்லி அணையை 1934-ல் கட்டி முடித்தார்கள். அந்தத் தண்ணீரை எங்கள் ஊரில் 'மேட்டூர் தண்ணி' என்போம், 'நல்ல தண்ணி' என்றும் சொல்வோம். அது தினமும் வராது. முறை வைத்து வரும், முறையும் தவறும். இன்னொன்று போர் தண்ணீர், 'உப்புத் தண்ணி'. பாறை இடுக்கில் கிடந்து சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருவது. சேலத்துக்கு வடக்கே பூமி வெட்டவெட்ட வெள்ளைக்கல்லாக வருகிறதே, அந்த மேக்னசைட் கனிமம் மக்னீசியம்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வருவதற்குள் கை வலித்துவிடும்.

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் எங்கள் போரில் காற்று மட்டும்தான் வந்தது. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்றபோது, எங்கள் வீட்டில் தொட்டி இருந்தது. ஒரு முறை நிரப்பினால் மூன்று பேருக்கு ஒன்பது நாள் வரும்படி அம்மா பங்கு பிரித்தாள். தொட்டி அவளுக்குத் தண்ணீரின் குதிர்.

அந்தக் குதிரில் ஓட்டை விழுந்ததைக் கண்டுபிடித்ததும் அம்மாதான்.

"ராத்திரில ஒரு குடம் காணாமப் போகுது, கண்ணு" என்றாள் ஒரு நாள் காலையில். திருட்டு போனதைச் சொல்கிற குரல். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் நாள் ராத்திரி நீலப் பூ வரிசைக்குக் கீழே இருந்த தண்ணீர் ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அகல நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பது லிட்டர் சொச்சம். ஒரு விரல் என்றால் பதினைந்து, பதினாறு லிட்டர். சரியாக ஒரு குடம். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பரப்பளவும் கன அளவும் நடத்துகிற எனக்குத் தாளும் பேனாவும் வேண்டியிருந்தது. அவள் விரலாலேயே அளந்துவிட்டாள்.

போன குடம் எங்கே போயிற்று என்பதும் தெரிந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா படுக்கிற அறை. சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் செங்கலுக்குள் ஊறிப் போகும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் காற்று பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு மணியாகத் திரண்டு பெருக்கும்போது மேலே இருக்கிற பூச்சைத் தள்ளிவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை பெயிண்ட் அடித்தோம். இரண்டு முறையும் ஆறு மாதத்தில் உதிர்ந்தது.

டைல்ஸைப் பார்த்தால் ஒரு கோளாறும் தெரியாது. வெள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது, இடுக்குகள் கறுத்திருந்தன. ஆனால் ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்தபோது பாதிக் கற்கள் 'டொக் டொக்' என்றன. நன்றாகப் பிடித்திருக்கும் கல் 'டிக்' என்று கெட்டியாகச் சொல்லும். பொக்கு விழுந்த கல் பானையைத் தட்டியதுபோலப் பேசும். தொட்டியின் மூலையில் ஒரு கல் கழன்று, அதன் உடைந்த முனை அம்மாவின் கணுக்காலை ஒரு முறை கீறியும் விட்டது.

இடுக்குகள் ஏன் போயின என்பதற்கு ஆசிட் ஒரு காரணம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் டைல்ஸ் மேல் வெள்ளைப் படலம் கட்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதற்கு ஒரே மருந்து, பாட்டிலில் விற்கிற பாத்ரூம் ஆசிட். ஊற்றினால் 'புஸ்ஸ்' என்று பொங்கும், கறை போய்விடும், கல் புதுசுபோல மின்னும். பொங்குவது சுண்ணாம்பு கரைகிற பொங்கல். ஆனால் கற்களுக்கு நடுவே அடைத்திருக்கும் சிமெண்டிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. கறை எது, இடுக்குப் பூச்சு எது என்று ஆசிட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கல்லின் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு தாங்கிக்கொள்ளும், இடுக்கு தாங்காது. முப்பது வருடம் மாதத்துக்கு ஒரு தடவை என்றால் எவ்வளவு அரித்திருக்கும்?

ஓசூரில் இருக்கும் தம்பிக்குச் சொன்னேன். அவன் ஒரே வார்த்தையில் முடித்தான். "அந்தத் தொட்டிய மொதல்ல இடிச்சுத் தள்ளுக்கா. மேல சின்டெக்ஸ் வச்சு ஷவர் போட்டுருவோம். எடமும் கெடைக்கும். நாளைக்கே அம்மாவுக்கு வீல் சேர் வேணும்னா உள்ள திரும்ப வேண்டாமா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. இன்னொரு காரணமும் சொன்னான், அதுவும் சரி. கொசு. டெங்குக் காலத்தில் வீடு வீடாக வந்து தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் வீட்டிலும் மருந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதுவும் தண்ணீருக்குள் அல்ல. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் சொரசொரப்பில் ஒட்டவைக்கும். தொட்டியைக் காலி செய்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரியும். அதனால் காலி செய்தால் போதாது, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். அரித்துப்போன இடுக்குகளில் தேய்க்க முடியாது.

அம்மாவிடம் தம்பி சொன்னதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவன் ஊர்ல தண்ணி வருது. இடிக்கச் சொல்றான்."

"மேல டேங்க்கு இருக்கும்மா. ஆயிரம் லிட்டரு."

"கரண்டு இல்லாட்டி எப்படி ஏத்துவ?"

"அதுக்கு முன்னாடியே ஏத்தி வச்சிருக்கும்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "தொட்டி போனா நான் எதப் புடிச்சு எந்திரிப்பேன்?" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. காலையில் அவள் தண்ணி வாத்துக்கொள்வதைக் கதவுக்கு வெளியிலிருந்து சத்தமாக மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஸ்டூலில் உட்காரும்போதும் எழும்போதும் இடது கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதில் இறக்கித்தான் அவள் எழுகிறாள். எனக்குத் தெரியாமல் பல வருடங்களாக அந்த ஆறங்குல அகல விளிம்புதான் அவளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு டேப் பிடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து 33 அங்குலம். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க விதிகளில் குளியலறைக் கைப்பிடி 33-லிருந்து 36 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பாவும் அந்தக் காலத்துக் கொத்தனாரும் விதி பார்த்துக் கட்டவில்லை. குனியாமல் மொள்ளுகிற உயரத்துக்குக் கட்டினார்கள், அது பொருந்திப்போயிற்று.

"ஒருத்தர் வந்து எனக்குத் தண்ணி ஊத்தி உடற நெலம வரக்கூடாது, சாமி. அதுக்கு மேல என்னத்த இருக்குது?" என்றாள் அம்மா. கீரைத்தண்டை முறிக்கிற சத்தம் கேட்டது. அவளுடைய மாமியாருக்கு, என் ஆயாவுக்கு, கடைசி நாலு வருடம் தண்ணி ஊற்றிவிட்டவள் அவள். ஊற்றுகிறவருக்கும் வாங்கிக்கொள்கிறவருக்கும் அது என்னவாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தொட்டி இருக்கட்டும், டைல்ஸை மட்டும் மாற்றுவோம் என்று தம்பியிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றான். பணத்தில் பாதி அனுப்பினான்.

டைல்ஸ் மேஸ்திரி மாசிநாயக்கன்பட்டிக்காரர். வந்ததும் காசால் தட்டவில்லை, விரல் முட்டியால் தட்டினார். டாக்டர் முதுகைத் தட்டிக் கேட்பதுபோல ஒவ்வொரு கல்லாகக் கேட்டுக்கொண்டே போய், "கல்லு ஒண்ணும் கெடலைங்கக்கா. பின்னாடிதான் கெட்டிருக்குது" என்றார். உளியை ஓர் இடுக்கில் வைத்து சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். கல் உடையாமல் முழுசாகக் கையோடு வந்தது. முப்பது வருடம் ஒட்டியிருந்தது இரண்டு தட்டில் வந்துவிட்டது.

பின்னால் பார்த்தேன். கல்லின் நடுவில் மட்டும் வடை தட்டியதுபோல ஒரு சிமெண்ட் உருண்டை. நாலு மூலையும் வெறுமை. அந்தக் காலத்தில் இப்படித்தான் வைப்பார்களாம். நடுவில் கலவையை அப்பி, சுவரில் வைத்து, நூல் பார்த்துத் தட்டி மட்டம் செய்வது. வேலை வேகமாக நடக்கும், சுவர் கோணலாக இருந்தாலும் சரிக்கட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒரு சின்ன அறை உருவாகிவிடுகிறது. இடுக்கு அரித்ததும் தண்ணீர் அங்கே போய்க் குடியிருக்கும். அந்த இடைவெளிகளில் கறுப்பாகச் சேறு இருந்தது. ஓரிடத்தில் தலைமுடி கனத்துக்கு வேர்கள் படர்ந்திருந்தன. வெளியே இருக்கும் வேம்பு எந்த வழியாகவோ வந்து எங்கள் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த வேரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "தெனம் ஒரு குடம். குடுத்து வச்ச மரம்" என்றாள்.

"டைல்ஸ் ஒட்டிட்டா தண்ணி எறங்காதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. டைல்ஸு சட்டை மாதிரிங்கக்கா. மழைக்குச் சட்டை தாங்குமா? தோலு நல்லா இருக்கணும்" என்றார் மேஸ்திரி.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மொகஞ்சதாரோவில் 1925-26-ல் தோண்டி எடுத்த பெருங்குளத்தை நான் வகுப்பில் படமாகக் காட்டுவதுண்டு. கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல்லை இடைவெளி இல்லாமல் அடுக்கி, ஜிப்சம் சாந்தால் இணைத்திருக்கிறார்கள். அவர்கள் செங்கல்லை மட்டும் நம்பவில்லை. செங்கல்லுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இயற்கைத் தார் ஒரு அடுக்குப் பூசியிருக்கிறார்கள். தண்ணீரைத் தடுத்தது அந்தத் தார். நாலாயிரத்து சொச்சம் வருடத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் 1991-ல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

இரண்டு நாள் உடைப்பு. மேஸ்திரியோடு வந்த பையன் முதலில் மெஷினில் உலர்ந்த கல்லை வெட்டப் பார்த்தான். மேஸ்திரி அவனை அதட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்டச் சொன்னார். மூக்கை மூடத் துண்டும் கொடுத்தார். டைல்ஸிலும் சிமெண்ட் கலவையிலும் சிலிக்கா இருக்கிறது. காய்ந்தபடி அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும், திரும்பி வராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தத் தூசியை 1997-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது. மேஸ்திரிக்கு அந்த வருடமெல்லாம் தெரியாது. கூட வேலை செய்த இரண்டு பேர் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது தெரியும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருக்கிறார். "அட்டை செத்ததுக்கப்புறம் காசு வாங்கக்கா. துண்டு உசுரோட இருக்கறதுக்கு" என்றார். துண்டு போதாது என்று மருந்துக்கடையில் நல்ல முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். பையன் ஒரு மணி நேரம் போட்டிருந்தான். அப்புறம் அது கழுத்தில் தொங்கியது. நான் வாசலில் நின்று பார்க்கும்போதெல்லாம் மூக்குக்கு ஏறியது. அதனால் அடிக்கடி போய் நின்றேன்.

டைல்ஸ் வாங்க அம்மாவையும் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். கடையில் நயாகரா அருவி, மூங்கில் காடு, டால்பின் என்று சுவர் முழுக்கப் படமாக நின்றது. எல்லாம் குஜராத்தில் இருக்கும் மோர்பியிலிருந்து வருகிறது என்றார் கடைக்காரர். இந்தியாவின் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரிலும் அதைச் சுற்றியும்தான் தயாராகிறது. 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு அணை உடைந்து, ஆயிரக்கணக்கானவர்களைத் தண்ணீர் கொண்டுபோன ஊரும் அதுதான். நாட்டின் பாத்ரூம்களுக்கெல்லாம் இப்போது கல் அங்கிருந்து போகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் பழுப்புப் புள்ளி போட்ட கல் ஒன்றை எடுத்து, "இது போடுங்கம்மா, அழுக்கே தெரியாது" என்றார்.

"அழுக்கு தெரியோணும். தெரிஞ்சாத்தான தேய்ப்போம்?" என்றாள் அம்மா. சாதா வெள்ளைதான் வேண்டும் என்று நின்றாள். அது கடையின் பின்கட்டில், படியேறிப் போய்த் தேட வேண்டிய இடத்தில் இருந்தது. விலையும் குறைவு. தரைக்கு மட்டும் சொரசொரப்பான, வழுக்காத கல்லாக நான் எடுத்தேன். கால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் கல்லைத் துடைத்து, ஏறி நின்று பார்த்துத்தான் அவள் சரி என்றாள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, வீட்டில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். சுவர் டைல்ஸ் தண்ணீரைக் குடிக்கும். தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும் வகை அது. அதனால்தான் சிமெண்டில் வைப்பதற்கு முன்னால் பழைய கொத்தனார்கள் கல்லை வாளித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தைக் கல் குடித்துவிடும், சிமெண்ட் இறுகாமல் பொடியாகிவிடும். விட்ரிஃபைட் கல் நேர்மாறு. அரை சதவீதம்கூடக் குடிக்காது. குடிக்காத கல்லைச் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று விற்கிற ஒட்டுக் கலவைதான் வேண்டும். எந்தக் கல் என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒட்டுவதால்தான் பல வீடுகளில் இரண்டு வருடத்தில் 'டொக் டொக்' ஆரம்பிக்கிறது.

பாத்ரூம் இல்லாத பன்னிரண்டு நாளும் அம்மா பொடக்காலியில்தான் தண்ணி வாத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவே பழைய சேலையைக் கட்டினோம். காலை நாலரை மணி, வெளிச்சம் வருவதற்கு முன். பிடித்து எழ ஒன்றும் இல்லாததால் நான் உள்ளே போக வேண்டியிருந்தது. முதல் நாள் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தபடி கையை நீட்டினேன், அவள் பிடித்து எழுந்தாள். மூன்றாம் நாள் முதுகு தேய்க்கச் சொன்னாள். தண்டுவடம் மணி மணியாக எழும்பி நின்ற முதுகு. அரூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில் கிணற்று வாய்க்காலில் அக்கா தங்கைகள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்ததைச் சொன்னாள். "கடைசியில உக்கார்றவளுக்குத் தேய்க்க ஆளு இருக்காது. அதனால நாங்க திரும்பி உக்காந்து மறுக்காத் தேய்ப்போம்." நாலு பேரில் இப்போது இருப்பது அவள் மட்டும். அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் "எப்ப முடியுமாம்?" என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

மேஸ்திரி பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார். வேர் வந்த வழியை அடைத்தார். புதுப் பூச்சு, அதற்கு ஒரு வாரம் தண்ணீர். காய்ந்தபின் தண்ணீர் இறங்காத கலவை இரண்டு கை, முதல் கை நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூசினார். தரையில் தண்ணீர் போகும் குழிக்கு 'நானி டிராப்' என்று பெயர் சொன்னார். அது மராத்தியில் குளிக்கும் இடத்தைச் சொல்லும் 'ந்ஹாணி'யிலிருந்து வந்தது. எங்கிருந்தோ வந்த சொல் நம் கொத்தனார்களின் வாயில் தமிழாகிவிட்டது. அதைச் சுற்றித்தான் ஒழுகல் அதிகம் என்று அங்கே மூன்றாவது கையும் பூசினார்.

அப்புறம் டைல்ஸ் ஒட்டாமலே தொட்டியை நிரப்பச் சொன்னார். இது எங்கள் வீட்டுக்குப் புதுசு. பென்சிலால் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டார். "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். கோடு எறங்கலேன்னா கல்லு ஒட்டறேன்." அந்த இரண்டு நாளும் அம்மா தூங்கவில்லை என்றே சொல்லலாம். ராத்திரி எழுந்து விளக்குப் போட்டு, விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். மூன்றாம் நாள் காலையில் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நெல்லின் கனம்கூட இல்லை. மேஸ்திரி வருவதற்குள் அவளே அவருக்குப் போன் போடச் சொல்லிச் செய்தி சொன்னாள்.

கல் ஒட்டும்போது முழுக் கல்லுக்கும் பற்கரண்டியால் கலவை இழுத்து ஒட்டினார், மூலை வெறுமையாக விடவில்லை. இடுக்குக்கு எபாக்சி. அதை ஆசிட் எளிதில் அரிக்காது, ஆனாலும் இனி ஆசிட் வேண்டாம் என்றார். குளித்து முடித்ததும் கல்லை ஒரு துணியால் துடைத்துவிட்டால் உப்புக் கட்டுவதற்குத் தண்ணீரே இருக்காது. விளிம்புக்கு டைல்ஸ் வைக்கவில்லை. சாம்பல் நிறக் கிரானைட், மேல் முகம் சொரசொரப்பு, ஓரம் அரைவட்டமாக உருட்டியது. கை வைத்தால் விரல்கள் தானாக மடங்கிப் பிடிக்கும். உயரம் பழைய 33 அங்குலமே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எதிர்ச் சுவரில் தம்பிக்காக ஒரு ஸ்டீல் கைப்பிடி, டைல்ஸோடு நிற்காமல் செங்கலுக்குள் இறங்கும்படி முடுக்கினோம். அம்மா அதில் துண்டு போடுகிறாள்.

மிச்சக் கல் பத்தைப் பரண்மேல் வைக்கச் சொன்னார் மேஸ்திரி. நாளைக்கு ஒன்று உடைந்தால் இதே வெள்ளை கிடைக்காது, வெள்ளையிலேயே நூறு வெள்ளை என்றார். நீலப் பூப் போட்ட பழைய கல்லில் உடையாமல் வந்தது ஒன்றே ஒன்று. அம்மா அதைக் கழுவி அடுப்படியில் வைத்திருக்கிறாள். இறக்கிய சட்டியை அதன்மேல்தான் வைக்கிறாள்.

சுவர் காய்ந்து வருகிறது. நல்ல தண்ணி வருகிற நாளில் தொட்டியில் அதைத்தான் நிரப்புகிறோம், மற்ற நாளில் போர். ஞாயிற்றுக்கிழமை காலி செய்து தேய்ப்பது என் வேலை. காலையில் ஐந்தரைக்கு அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். தாழ்ப்பாள் வேண்டாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தான், நானும் சொல்லிப் பார்த்தேன். போடுகிறாள். நான் சமையலறையில் காபிக்குப் பால் வைத்துவிட்டு நிற்பேன். செம்பு தொட்டியில் இடிக்கும், தண்ணீர் விழும், கொஞ்சம் அமைதி, மறுபடி செம்பு. கடைசியில் ஸ்டூல் நகரும் சத்தம். அது கேட்டபிறகுதான் டிகாக்‌ஷனை ஊற்றுகிறேன்.